மூளைப் பயிற்சியோடு மின்தூண்டல்: முதியவர்களுக்குச் செய்யும்போது சொதப்பும் இடங்கள்

தலையில் இரண்டு ஈர ஸ்பாஞ்சுகளை வைத்து 1 முதல் 2 மில்லி ஆம்பியர் வரை நேர்மின்னோட்டம் கொடுக்கும் முறைக்கு டி.டி.சி.எஸ். என்று பெயர். ஷாக் ட்ரீட்மென்ட் வேறு. அதில் பாய்வது இதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. இந்தச் சொற்ப மின்னோட்டத்தால் சும்மா இருக்கும் நரம்பணுவை வேலை செய்யவைக்க முடியாது. வேலையில் இருப்பதைக் கொஞ்சம் உசுப்பிவிடும், அவ்வளவுதான். ஆரோக்கியமான முதியவர்களிடம் இதை நினைவாற்றல் பயிற்சியோடு சேர்த்துச் சோதிப்பது அதனால்தான். சேலத்தில் இதைத் தொடங்க நினைக்கும் பிசியோதெரபி, உளவியல் துறையினர் இதை மறக்கும்போதுதான் வரிசையாகத் தவறுகள் வருகின்றன.

பெரிய தவறு நேரத்தில் நடக்கிறது. மெஷினை மாட்டிவிட்டு டிவி பார்க்க விடுவது, பயிற்சியை மாலைக்குத் தள்ளுவது. இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: மின்னோட்டம் ஓட ஆரம்பித்த பிறகு “அம்மா, இந்தப் பட்டனை எப்போ அழுத்தணும்னா…” என்று விளக்கத் தொடங்குவது. 20 நிமிடத்தில் 8 நிமிடம் அதிலேயே போய்விடும். விளக்கம், கண்ணாடி மாட்டுவது, இரண்டு மாதிரிக் கேள்விகள் எல்லாம் முன்பே முடிய வேண்டும். மின்னோட்டம் 30 விநாடியில் மெல்ல ஏறி நின்றதும் முதல் கேள்வி திரையில் வந்துவிட வேண்டும். பயிற்சி 40 நிமிடம் என்றால், மின்தூண்டல் முதல் 20 நிமிடத்தில் ஓடட்டும்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதற்கு இடமே இருக்காது. நம் ஊரில் பாதிப் பிரச்சினை இதுதான். எண்ணெய் படிந்த தலைத்தோலில் மின்தடை ஏறும். மின்னோட்டம் எண்ணெய் இல்லாத சிறு திட்டு வழியாக மட்டும் குவிந்து இறங்கும், அந்த இடம் எரியும். முந்தின இரவே ஷாம்பு போட்டுக் குளித்து, காலையில் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய்க் குளியல் நாளான சனிக்கிழமை ஆண்களுக்கும், வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் வேண்டாம். எதிர்முனை ஸ்பாஞ்ச் வலது புருவத்துக்கு மேலே உட்காரும் என்பதால் விபூதி, சந்தனம், குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். கேட்டுவிட்டுத் துடையுங்கள்; முடிந்ததும் வைத்துக்கொள்ள விபூதியும் கண்ணாடியும் மேஜையில் இருக்கட்டும். அழுத்தித் தேய்க்காதீர்கள், சிராய்த்த தோல்தான் முதலில் புண்ணாகும்.

ஸ்பாஞ்சை நனைக்கக் குழாய்த் தண்ணீர் கூடாது. குழாய்த் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் தோல் புண்ணானது 2010-லேயே பதிவாகியிருக்கிறது. காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் மாறிமாறி வரும் வீடுகளில் உப்பின் அளவு நாளுக்கு நாள் வேறு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் போதும். 5×7 செ.மீ. ஸ்பாஞ்சின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 மில்லி. வழிந்து நெற்றியில் ஓடினால் மின்னோட்டம் அந்த ஈரம் பரவிய இடமெல்லாம் பரவும். ஏப்ரல் வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தால் நேர்மாறு: பாதியிலேயே காய்ந்து, தடை 10 கிலோ ஓமைத் தாண்டும். அப்போது சிரிஞ்சால் ஒன்றிரண்டு மில்லி விடுங்கள்.

நேர்முனை ஸ்பாஞ்சுக்கு இடம் பிடிப்பதில் குத்துமதிப்பு உதவாது. புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்தலை மேடு வரை தையல் டேப்பால் அளந்தால் 36 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். நடுக்கோட்டில் 3.6 செ.மீ. மேலே முதல் புள்ளி, 10.8 செ.மீ.-ல் இரண்டாவது. முதல் புள்ளி வழியாகத் தலைச்சுற்று 54 செ.மீ. என்றால், அதில் 15 சதவீதமான 8.1 செ.மீ. இடப்பக்கம் போனால் மூன்றாவது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே தலை வளைவோடு பாதி தூரம்தான் எஃப்3, அதாவது இடது முன்மூளைக்கு மேலே வரும் புள்ளி. நேர்முனையின் சிவப்பு ஒயர் அங்கே.

“இன்னும் கொஞ்சம் கூட்டலாமே” என்ற ஆசையும் ஆபத்து. ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2013-ல் காட்டியது: கையை அசைக்கும் மூளைப் பகுதியில் 1 மில்லி ஆம்பியரை 13 நிமிடம் கொடுத்தால் நரம்பணுக்களின் கிளர்ச்சி கூடுகிறது; இடைவெளியில்லாமல் 26 நிமிடம் கொடுத்தால் குறைகிறது. 9 வோல்ட் பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்துபார்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதைச் செய்யாதீர்கள் என்பதைத் தவிர.

பயிற்சிப் பக்கம் கவனக்குறைவு இன்னும் அதிகம். எல்லாம் சரியாக வருகிறது என்றால் கேள்வி எளிது என்று அர்த்தம். பத்துக்கு ஏழெட்டு சரியாக வரும்படி கடினத்தை ஏற்றி இறக்க வேண்டும். எழுத்துகளைக் காதில் சொல்லி, இரண்டு எழுத்துக்கு முன் வந்தது இதுதானா என்று கேட்கும் பயிற்சியில் ல, ள, ழ மூன்றையும் சேர்த்துப் போட்டால் நீங்கள் சோதிப்பது நினைவை அல்ல, காதை. ன-ண, ர-ற ஜோடிகளும் அப்படித்தான். க, ம, ச, ப, வ போன்று ஒன்றுக்கொன்று விலகி ஒலிப்பவற்றை எடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது “ஆரோக்கியமாத்தான் இருக்கேன்” என்ற வாக்குமூலம் போதாது. வலிப்பு, பேஸ்மேக்கர், தலைக்குள் உலோகக் கிளிப், மண்டையோட்டு அறுவை சிகிச்சை இருந்தால் வேண்டாம். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள்: முகநரம்பு வலிக்குத் தரும் கார்பமசெபின் மின்தூண்டலின் விளைவை அடக்கிவிடும், தூக்க மாத்திரைகளும் அதை மாற்றும். அதற்காக யாரையும் மாத்திரை நிறுத்தச் சொல்லக் கூடாது, அவரைச் சேர்க்காமல் விடுவதே சரி. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வரட்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரை உடனே உட்காரவைத்தால், வரும் குமட்டல் பஸ்ஸாலா மெஷினாலா என்று பிரிக்க முடியாது. அரைமணி போகட்டும்.

பலனை அளப்பதில் பழக்கம் ஏமாற்றும். அதே சொற்பட்டியலை இரண்டாம் முறை கொடுத்தால் யாருக்கும் மதிப்பெண் கூடும். வேறு பட்டியல் வேண்டும், 30 விநாடியில் ஏறி உடனே இறங்கும் போலித் தூண்டல் குழுவும் வேண்டும். ஸ்பாஞ்ச் எடுத்த இடம் சிவந்திருந்தால் எந்தக் குழு என்று தெரிந்துவிடும் என்பதால், மாட்டுபவரே சோதிக்கக் கூடாது. மின்தூண்டல் இல்லாமல் பயிற்சி மட்டும் தந்த அமெரிக்காவின் ஆக்டிவ் ஆய்வில் 2,832 முதியவர்கள் இருந்தார்கள். பத்தாண்டு கழித்தும் யோசிப்பதிலும் வேகத்திலும் பலன் தங்கியது, நினைவுப் பயிற்சியில் தங்கவில்லை. எதைப் பயிற்றினார்களோ அதில்தான் முன்னேற்றம் பெரிதும் தெரிந்தது. ஆகவே “மறதி நோய் வராது” என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் ஸ்பாஞ்சை எடுத்ததும் அடியில் தோலைப் பாருங்கள். பரவலான சிவப்பு பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் மறையும். வட்டமாகப் பழுப்புத் திட்டு தெரிந்தால், ஆறும் வரை அந்த இடத்தில் அடுத்த அமர்வு கிடையாது.