பிபிஓ வச்சு ஆனயன் எக்ஸ்சேஞ்ச் மெம்பிரேன் பண்றது எப்படி

ஆனயன் எக்ஸ்சேஞ்ச் மெம்பிரேன்ல, அதாவது ஆல்கலைன் ஃப்யூவல் செல்லுக்குள்ள ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்துற படலத்துல, புதுசா கை வைக்கிறவங்க பிபிஓ (பாலிஃபினைலீன் ஆக்சைடு) பாலிமர்ல ஆரம்பிங்க, வாங்குறது சுலபம், குளோரோபென்சீன்ல நல்லா கரையும், பெரிய கெமிஸ்ட்ரி ரெண்டே ஸ்டெப்தான். கேட்டலிஸ்ட்டுக்கு பிளாட்டினத்தை விட்டுட்டு நிக்கல், சில்வர்னு போகலாம்ங்கிற ஆசைலதான் எல்லாரும் இந்தப் பக்கம் வர்றாங்க, ஆனா மெம்பிரேன் ஹைட்ராக்சைடை கடத்தவும் செய்யணும், அதே ஹைட்ராக்சைடு கிட்ட அரிபடாமலும் இருக்கணும், சிக்கலே அங்கதான்.

முதல்ல புரோமினேஷன். பாலிமரை குளோரோபென்சீன்ல கரைச்சு என்பிஎஸ் (புரோமின் கொடுக்கிறது இதுதான்), கூடவே கொஞ்சம் ஏஐபிஎன் (ரியாக்ஷனைத் தொடங்கி வைக்கிறது) போட்டு 130 டிகிரி பக்கத்துல 3 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் பண்ணுங்க. சூட்டைக் குறைச்சா மீதைல்ல ஏற வேண்டிய புரோமின் ரிங்ல போய் உக்காந்துக்கும், அங்க உக்காந்தா பின்னாடி போடப்போற அமீன் அதைத் தொடவே தொடாது. எத்தனால்ல ஊத்தி வீழ்படிவாக்கி, கழுவி, வேக்யூம்ல காய வச்சு என்எம்ஆர் எடுங்க, 4.3 பிபிஎம்ல சிஹெச்2பிஆர் பீக், 2.1 கிட்ட மிச்சமிருக்கிற மீதைல். 100 யூனிட்டுக்கு 30ல புரோமின் ஏறியிருந்தா கடைசில ஐஇசி (ஒரு கிராம் மெம்பிரேன்ல அயனி மாத்துற குரூப் எவ்வளவுங்கிற கணக்கு), ஹைட்ராக்சைடு ஃபார்ம்ல கிராமுக்கு கிட்டத்தட்ட 2.1 மில்லிமோல் வரணும். பேராசைப்பட்டு இன்னும் ஏத்தினா மெம்பிரேன் தண்ணி குடிச்சு ஊதி கொழகொழன்னு ஆயிடும்.

அப்புறம் காஸ்டிங். புரோமின் ஏத்தின பாலிமரை என்எம்பிங்கிற சால்வென்ட்ல 5 சதவீதம் கரைச்சு, ஃபில்டர் பண்ணி, கண்ணாடி பெட்ரி டிஷ்ல ஊத்தி 80 டிகிரி ஓவன்ல வைங்க. வைக்கிறதுக்கு முன்னாடி ஓவன் தட்டு மேல கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டம் ஒண்ணு வச்சுப் பாருங்க, தட்டு சாஞ்சிருந்தா ஒரு ஓரம் 30 மைக்ரான், எதிர் ஓரம் 70 மைக்ரான்னு வந்து நிக்கும், அப்புறம் எந்த அளவுமே நம்ப முடியாது. காஞ்சதும் டிஷ்ல தண்ணி ஊத்தினா படலம் தானா மிதந்து வரும், பிளேடு வச்சு நெம்பாதீங்க.

அதை 45 சதவீத டிரைமீதைலமீன் கரைசல்ல ரெண்டு நாள் மூடி வைங்க, புரோமின் இருந்த இடத்துல அயனியைக் கடத்துற அமோனியம் குரூப் வந்து உக்காரும். மீன் கெட்டா வர்ற நாத்தத்துக்கு முக்கியக் காரணமே இந்த அமீன்தான், ஹூடை விட்டு வெளிய எடுத்தா பக்கத்து லேப்காரங்க சண்டைக்கு வருவாங்க.

இனிமேதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். உள்ள இருக்கிற புரோமைடு போய் ஹைட்ராக்சைடு வர்றதுக்கு 1 மோலார் கேஓஹெச்ல (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) 24 மணி நேரம் ஊற வைக்கணும், நைட்ரஜன் விட்டு, கரைசலை இடையில மாத்தி மாத்தி. காத்துல 400 பிபிஎம்முக்கு மேல கார்பன் டை ஆக்சைடு இருக்கு, கொஞ்ச நேரம் தொறந்து வச்சாலே ஹைட்ராக்சைடு பைகார்பனேட்டா மாறிடும், தண்ணில அதோட வேகம் ஹைட்ராக்சைடுல கால்வாசிக்கும் கம்மி. அப்படி அளந்த நம்பரை ஹைட்ராக்சைடு கண்டக்டிவிட்டின்னு போடுறது, என்னைக் கேட்டா, ஏமாத்து வேலை. 2018ல இஸ்ரேல் டெக்னியான்ல இருக்கிற டெக்கல் குழு சொன்ன வழி நல்லது: ஈரமான நைட்ரஜன்ல வச்சு டிசி கரண்ட் விட்டா உள்ள இருக்கிற கார்பனேட் எல்லாம் கார்பன் டை ஆக்சைடா வெளிய போகும், கண்டக்டிவிட்டி ஏறி ஏறி ஒரு இடத்துல நிக்கும், அதுதான் நிஜ அளவு.

ஹைட்ராக்சைடு ஃபார்ம்ல மட்டும் காய விடாதீங்க, தண்ணி குறைய குறைய ஹைட்ராக்சைடு இன்னும் மூர்க்கமா தாக்கும். எடுத்து வைக்கணும்னா குளோரைடாவோ புரோமைடாவோ மாத்தி வைங்க.

ஐஇசிக்கு குளோரைடு ஃபார்மை காய வச்சு எடை போட்டு, சோடியம் நைட்ரேட்ல ஊற வச்சு, குரோமேட் போட்டு சில்வர் நைட்ரேட்டால டைட்ரேட் பண்ணுங்க, மஞ்சள்ல செங்கல் நிறம் லேசா தட்டி அப்படியே நின்னதும் நிறுத்திடணும். எடை குளோரைடோடதுங்கிறதால 2.1 இல்ல, 2.0 கிட்டதான் வரும், பயப்படாதீங்க.

ஸ்டெபிலிட்டிக்கு 1 மோலார் கேஓஹெச், 80 டிகிரி, 500 மணி நேரம், டெஃப்லான் பாட்டில்ல, ஏன்னா சூடான காரம் கண்ணாடியவே கரைக்கும். நடுநடுவுல எடுத்து ஐஇசி பாருங்க, மடக்கிப் பாருங்க. பிபிஓல அமோனியம் குரூப்பும் கழண்டுக்கும், ஈதர் பாண்டும் உடையும், அதனால ஐஇசி குறையுறதோட மெம்பிரேன் நொறுங்கவும் செய்யும். அதைத் தாண்டணும்னா ஈதரே இல்லாத பேக்போன் வேணும், 2019ல டெலவேர் யூனிவர்சிட்டி யூஷான் யான் குழு காட்டின பாலி அரைல் பைபெரிடினியம் அந்த ரகம்தான், அதுக்கு ட்ரிஃப்ளிக் ஆசிட்டை ஐஸ் பாத்ல வச்சு பாலிமரைஸ் பண்ணணும்ங்கிறதால இங்க கை பழகினப்புறம் அங்க போங்க.