முக்கால் முழம் பூவும் ஒரு வகுத்தல் கணக்கும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். சாயங்காலமானால் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். பக்கத்தில் அம்மா, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிவந்த மல்லிகையைக் கட்டிக்கொண்டிருப்பார். சொல்லிக்கொடுத்தால் நமக்கும் விளங்கும் என்பார்கள். சும்மா ஒப்பித்தால் விளங்காது.

புத்தகத்தை மூடிவிட்டு, சொல்லப்போவதை வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். பேனா நிற்கிற இடம்தான் நமக்குத் தெரியாத இடம். எனக்குப் பின்ன வகுத்தலில் நின்றது. 'வகுக்கிற பின்னத்தைத் திருப்பிப் போட்டுப் பெருக்கு' என்று பள்ளியிலிருந்தே போட்டுவருகிறேன். ஏன் திருப்ப வேண்டும் என்று எழுத வரவில்லை.

தலைகீழி, தொகுதி, பகுதி என்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, கைக்கு எட்டுகிற பொருளை எடுங்கள். நான் அம்மாவின் சரத்தை எடுத்தேன். 6 முழத்தை முக்கால் முக்கால் முழமாக நறுக்கினால் எத்தனை துண்டு? ஒரு முழத்தில் 4 கால் முழம். 6 முழத்தில் 24. துண்டுக்கு 3 கால் வேண்டும். ஆக 8 துண்டு. நாலால் பெருக்கி மூன்றால் வகுத்திருக்கிறோம், திருப்பிப் போடுவது இதுதான். எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

தலையாட்டுகிற பிள்ளையை நம்பாதீர்கள். குடைகிற பிள்ளையை முன்னால் உட்காரவையுங்கள். ஆறாவது படிக்கிற ஒருத்தி எங்கள் திண்ணையில் உண்டு. "7 முழம்னா எம்புட்டு? நீ எனக்குச் சொல்லு" என்றேன். 28 கால், 9 துண்டு போக ஒரு கால் மிச்சம். திருப்பிப் பெருக்கினால் ஒன்பதும் மூன்றில் ஒன்றும் வருகிறது. "மிச்சம் கால் முழம்தானக்கா கெடக்கு? மூணுல ஒண்ணு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

இந்த இடத்தில் மழுப்பாதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, மறுநாள் சொல்லியே ஆகவேண்டும். ராத்திரி கால் முழச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழத்தால் அளந்தால் அது கால்தான். ஆனால் கேள்வி எத்தனை துண்டு என்பது. ஒரு துண்டுக்கு வேண்டிய மூன்று காலில் ஒன்று இருக்கிறது.

மறுநாள் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரிக்கா, முழம் யாரு கைக்கு? ஒங்க கைக்கா, எங்க அப்பத்தா கைக்கா?" என்றாள். பூக்காரரோடு தினமும் நடக்கிற அதே சண்டை. அம்மா சிரித்துவிட்டார். நான் மறுபடி தாளை எடுத்தேன்.