கடலோரப் பல்கலைக்கழக வளாகத்தில் தொழில்சார் உடல்நலச் சேவை: திட்டமிடும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களான தொண்டியிலோ மண்டபத்திலோ கடல் ஆய்வு நடக்கும் ஒரு வளாகத்துக்கு உடல்நலச் சேவை திட்டமிடுவோர், பெரும்பாலும் ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு செவிலியர் என்றுதான் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். ஆனால் தொழில்சார் சேவையின் முதல் வேலை, செய்யும் பணியால் உடல் கெடாமல் காப்பது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் உடன்படிக்கையும் தடுப்பையே முன்வைக்கிறது.

ஆகவே, பதவிப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, யார் எதைத் தொடுகிறார், எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் என்று துறைதுறையாகக் கேட்டு எழுதுங்கள். ஒரே துறையில் ஒருவர் நாள் முழுவதும் கணினி முன் இருப்பார். இன்னொருவர் ஃபார்மலினில் மீன் மாதிரிகளைப் பதப்படுத்துவார். மூன்றாமவர் வல்லத்தில் தீவுப் பக்கம் போவார். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரும் ஆராய்ச்சி மாணவரும் இப்பட்டியலில் விடுபடுவதே வழக்கம். கழிவுப் புட்டியைக் கழுவுபவர் அவர்களே என்பதால் அவர்களை முதலில் சேர்க்க வேண்டும்.

ஃபார்மலின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிப்பதோடு, அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தப்பட்டது. துணி முகக்கவசமோ என்95 கவசமோ அந்த ஆவியைத் தடுக்காது. ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் வேலை செய்ய வைப்பதே சரி. மனித இரத்த மாதிரிகளைக் கையாள்வோருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணையாகப் போட்டு, பிறகு எதிர்ப்பாற்றலைச் சோதிக்க வேண்டும்.

கடற்பணிக்குத் தனித் திட்டம் தேவை. திருக்கை முள் குத்தினால், தோல் வெந்துபோகாதபடி தாங்கக்கூடிய 45 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டு நீரில் அந்த இடத்தை அமிழ்த்தினால் வலி தணியும். ஆகையால் சூட்டு நீர்க் குடுவை படகில் இருக்கட்டும். கடற்பாம்புக் கடி வேறு கதை. நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி எதிர்மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது, கடற்பாம்புக்கு அன்று. அதன் நஞ்சு மூச்சுத் தசைகளையே செயலிழக்கச் செய்யலாம். எனவே செயற்கைச் சுவாச வசதி எங்கே இருக்கிறது, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எட்டத் தீவிலிருந்து எத்தனை நிமிடம் ஆகும் என்பதைப் படகிலும் வண்டியிலும் ஒருமுறை போய்ப் பார்த்தே குறித்துவைக்க வேண்டும்.

பணியாளரின் உடல் பரிசோதனை முடிவில் துறைத்தலைவருக்குப் போகும் தாளில் 'தகுதி', 'நிபந்தனையுடன் தகுதி', 'தற்போது தகுதியில்லை' என்பவற்றில் ஒன்று மட்டும் இருக்கட்டும். நோயின் பெயர் மருத்துவரின் பூட்டிய கோப்பில்தான் இருக்க வேண்டும். அது கசிகிறது என்று தெரிந்தால், மறுமுறை எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.