பழைய காரில் முன்பக்க ஷாக் அப்சார்பர்: போய்விட்டதா என்று கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், வண்டியை ஜாக்கியில் ஏற்றாமலே "ஷாக் அப்சர் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடுங்க" என்பார்கள். என் 2006 மாடல் சான்ட்ரோவுக்கும் இதுதான் நடந்தது. மாற்றினேன். திரும்பி வரும் வழியிலேயே அதே ஸ்பீடு பிரேக்கர், அதே டொக். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஆட்டம் கண்டிருந்தது லிங்க் ராடு, அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி. ஷாக்கை விட எவ்வளவோ மலிவான சாமான் அது.

அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சோதனைக்கே ஒதுக்குங்கள்.

சான்ட்ரோ, ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்ற சின்ன கார்களில் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பர் நடுவில், அதைச் சுற்றி காயில் ஸ்பிரிங், உச்சியில் ரப்பரும் பேரிங்கும் சேர்ந்த மவுண்ட். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குண்டுகுழியில் இறங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பக் குதிக்காமல் அடக்குவது ஷாக். ஷாக் போனால் வண்டி தாழ்ந்துவிடாது, குதிக்கும். ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது.

முதலில் சோதனை

பானெட்டின் ஓரத்தை, சக்கரத்துக்கு நேர் மேலே, உடல் எடையோடு இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒருமுறை தாழ்ந்து நின்றால் சரி. அதற்கு மேலும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. ஆனால் இந்தச் சோதனையை முழுதாக நம்பாதீர்கள். பாதி தேய்ந்த ஷாக் இதில் பாஸ் ஆகிவிடும்; உள்ளே இறுகிப்போன ஷாக்கும் 'நல்லாத்தான் இருக்கு' என்று ஏமாற்றும்.

அடுத்து டார்ச் அடித்து ஸ்ட்ரட்டின் உடம்பைப் பாருங்கள். லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது பழைய வண்டிக்குச் சகஜம். எண்ணெய் கோடாக வழிந்து, அதன் மேல் மண் ஒட்டிக் கறுப்பாகச் சேறு மாதிரி படிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, வேறு சோதனையே வேண்டாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்காமல் குதித்து ஓடியிருக்கிறது.

இனி சத்தம். நின்றபடி ஸ்டியரிங் திருப்பும்போது 'டிங்' என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் மேலே உள்ள மவுண்ட் பேரிங். பிரேக் அடிக்கும்போது மட்டும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பாடியோடு இணைக்கும் கை) புஷ் ரப்பர் மேல் சந்தேகப்படுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளங்களில் 'கடகட' என்றால் லிங்க் ராடு. அதைச் சோதிக்க இரண்டு முன் சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி ஏற்றினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இறுக்கிப் பிடித்துவிடும், ஆட்டம் கைக்குத் தெரியாது. என் விஷயத்தில் தவறியது இந்த இடத்தில்தான்.

வாங்க வேண்டியவை

ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக்கிலும் வளைவிலும் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். இடது வேறு, வலது வேறு. பிரேக் ஹோஸ் மாட்டும் பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர் நான்கையும் கூடவே வாங்கிவிடுங்கள். இவ்வளவும் பிரித்த பிறகு பழைய ரப்பரையே திரும்பப் போடுவது வீண் சிக்கனம். சென்னைக்காரர்களுக்குப் புது சாமான் வாங்க ஜி.பி. ரோடு இருக்கிறது. பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, பம்பர் வாங்கலாம். பழைய ஷாக் மட்டும் வேண்டாம்.

கழற்றுவது

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொண்டு, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்ட்ரட்டின் அடியில் அதை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட் தெரியும். பழைய வண்டியில் துரு பிடித்திருக்கும், ஆகவே துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தின நாள் ராத்திரியே அடித்துவிடுங்கள். போல்ட் தலையும் ஸ்ட்ரட்டும் இருக்கும் நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வீட்டிலிருந்த நெயில் பாலிஷால் குறித்தேன் (கேட்காமல் எடுத்ததற்குத் திட்டு விழுந்தது தனிக்கதை). சக்கரத்தின் சாய்வை, அதாவது கேம்பரை, ஓரளவு பழைய இடத்திலேயே வைக்க இந்தக் கோடு உதவும்.

பிரேக் ஹோஸ் கிளிப்பை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வயர் இருந்தால் அதையும். சில வண்டிகளில் லிங்க் ராடு ஸ்ட்ரட்டிலேயே மாட்டியிருக்கும், அதையும் கழற்ற வேண்டும். பிறகு நக்கிள் போல்ட்டுகள். போல்ட் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றுங்கள். வெளியே வர மறுத்தால் நட்டை நுனியில் பாதி ஏற்றி வைத்து, அதன் மேல் தட்டுங்கள், மரை நசுங்காது. போல்ட் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் கெடும். நக்கிள் ரொம்ப இழுபட்டால், சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளும்.

கடைசியாக பானெட்டைத் திறந்து, மவுண்ட்டை பாடியோடு பிடித்திருக்கும் ஓர நட்டுகளை எடுங்கள். ஒரு கை அடியில் ஸ்ட்ரட்டைத் தாங்கியபடி இருக்கட்டும், கனம் இருக்கிறது. நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். சுருங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒற்றை நட்தான். அதை எடுத்தால் சில நூறு கிலோ விசை உங்கள் முகத்துக்கு நேராக விடுபடும். சில மாடல்களில் ஸ்ட்ரட்டைப் பாடியில் பிடிப்பதே நடு நட்தான். உங்கள் வண்டி அந்த வகை என்றால் மேனுவல் பார்க்காமல் இறங்காதீர்கள்.

ஸ்பிரிங் வேலை

இதை மட்டும் வெளியே கொடுங்கள். கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புது சாமான்களையும் பையில் போட்டு, ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) உள்ள கடைக்குக் கொண்டுபோனால் மாற்றிக் கொடுப்பார்கள். பக்கத்தில் நின்று மூன்றைக் கவனியுங்கள். புது ஷாக்கை நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கி, உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிய பிறகே மாட்ட வேண்டும். ஸ்பிரிங்கின் கீழ் நுனி தட்டில் அதற்கென உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். பளபளக்கும் ராடை யாரும் பிளேயரால் பிடிக்கக் கூடாது. அந்தக் கீறல் சில மாதத்தில் சீலைத் தின்றுவிடும்.

திரும்ப மாட்டுவது

கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. மேல் நட்டுகளைக் கையால் ஏற்றி, நக்கிளைச் சேர்த்து, கோட்டுக்குக் கோடு வைத்து போல்ட்டை இறுக்குங்கள். நக்கிள் போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை) என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருக்கும். என் சான்ட்ரோவின் வீல் நட்டுக்கு ஹூண்டாய் சொல்வது 90 முதல் 110 நியூட்டன் மீட்டர். ஹோஸ் கிளிப்பை மறந்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

அன்றைக்கே வீல் அலைன்மெண்ட் செய்துவிடுங்கள். எவ்வளவு கவனமாகக் கோடு போட்டிருந்தாலும் கொஞ்சமாவது நகர்ந்திருக்கும், புது டயர் ஒரே பக்கம் தேய அதுவே போதும். 50 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிறகு முதலில் சத்தம் கேட்ட அதே ஸ்பீடு பிரேக்கரில், அதே வேகத்தில், ஜன்னலை இறக்கி விட்டு ஒருமுறை ஏறி இறங்குங்கள்.