மதுரையிலிருந்து அந்தமானுக்கு: ரயிலிலும் கப்பலிலும் நிதானமாகச் செல்ல

சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். கப்பலில் ஏறத்தாழ 1,190 கி.மீ. கடலைக் கடக்க இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். விடுப்பு போதுமான அளவு இருந்தால், கப்பலையே தேர்ந்தெடுங்கள்.

மதுரைப் பக்கத்திலிருந்து கிளம்புபவர்கள் இரவு ரயிலில் உறங்கிக்கொண்டே சென்னை சேர்வதை விட, காலையில் புறப்படும் வைகை எக்ஸ்பிரஸில் ஜன்னலோர இருக்கை பெற்று வருவது நல்லது. திருச்சியை விட்டதும் வண்டி காவிரிப் பாலத்தில் ஏற, சக்கரங்களின் ஓசை மாறுவதைக் கேட்கலாம்; மலைக்கோட்டை பின்னால் நகர, திருவரங்கம் கடந்து சில நிமிடங்களிலேயே கொள்ளிடம் வந்துவிடும். அந்த இரண்டு ஆறுகளையும் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்காகவே ஒரு நாளைச் செலவிடலாம் என்பது என் கருத்து.

மாதத்திற்குச் சில கப்பல்களே புறப்படுகின்றன. அவற்றின் தேதியும் வானிலையைப் பொறுத்து மாறக்கூடும். ஆகவே ரயில் சென்னை சேரும் நாளுக்கும் கப்பல் கிளம்பும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள். திரும்பும் பயணத்தையும் நெருக்கடியாக முன்பதிவு செய்யாதீர்கள். புயல் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்த்து, கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் செல்வது நலம். அடையாள அட்டையின் அசலை மறக்க வேண்டாம்.

கப்பலில் கேபின் வகுப்புகளும், பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பும் உண்டு. பங்கில் கட்டணம் குறைவு, பேச்சுத் துணை அதிகம். ஆனால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் இரண்டாம் வகுப்புக் கேபினை எடுப்பதே உகந்தது. உணவு கேன்டீனில் கிடைக்கும். இருப்பினும் போர்வை, ஊறுகாய், எலுமிச்சம்பழம், கொறிக்க முறுக்கு ஆகியவை கையில் இருக்கட்டும். கரையிலிருந்து சில மணி நேரத்தில் கைபேசி சிக்னல் போய்விடும் என்பதால், வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு, கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றைக் காலியாக விடாதீர்கள். குமட்டும்போது அறைக்குள் படுத்திருப்பதை விட, மேல்தளத்தில் காற்றாட நின்று அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பலருக்கு உதவுகிறது. அலை குறைவாக உணரப்படுவது கப்பலின் நடுப்பகுதியில்தான்; படுக்கையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பகலில் கப்பலின் முன்பகுதிக்கு அருகே கம்பியைப் பிடித்து நின்றால், பறவைக் கோலா மீன்கள் நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, துடுப்புகளை விரித்து, அலைகளுக்கு மேலே நெடுந்தூரம் சறுக்கிச் சென்று மறைவதைப் பார்க்கலாம். எனக்கு இதைவிடப் பிடித்தது விடியல். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை; ஆனால் கிழக்கே செல்லச் செல்ல, ஒவ்வொரு நாளும் சூரியன் கால் மணி நேரத்திற்கும் மேலாக முன்கூட்டியே எழுகிறது. சென்னைக்கும், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கும் இடையே இந்த வேறுபாடு ஏறக்குறைய ஐம்பது நிமிடம். விமானத்தில் இதை உணரவே முடியாது. எனவே முதல் நாள் விடியலின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த நாள்களில் இன்னும் முன்னதாக எழுந்து, தேநீர்க் கோப்பையோடு மேல்தளத்தில் கிழக்கு நோக்கி இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.