8 போர்ட் சீரியல் கார்டை லினக்ஸுக்கு அடையாளம் காட்டுவது எப்படி

சிங்கப்பூரின் துவாஸ், உபி பட்டறைகளில் எடைத் தராசும், கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் பழைய சிஎன்சி இயந்திரமும் இன்னும் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் இணைப்பில்தான் பேசுகின்றன. கணினியில் 8 போர்ட் பிசிஐ கார்டைச் செருகியும் போர்ட் ஒன்றும் வரவில்லையா? கார்டின் சீரியல் சிப் 16550 வகை என்றால் புது டிரைவர் எழுதத் தேவையில்லை. லினக்ஸின் 8250 டிரைவருக்கு அதை ஓட்டத் தெரியும். கார்டின் அடையாளத்தையும் போர்ட் எண்ணிக்கையையும் அதன் வேகத்தை நிர்ணயிக்கும் கடிகாரத்தையும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

முதலில் பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'என்என்', 'விவி' தெரிவுகளோடு (lspci -nn -vv) ஓட்டுங்கள். வெண்டர், டிவைஸ், சப்வெண்டர், சப்டிவைஸ் ஆகிய நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டை விட்டுவிடாதீர்கள்: கார்டை பிசிஐயோடு இணைக்கும் பிஎல்எக்ஸ் 9050 போன்ற பிரிட்ஜ் சிப் பல வகைக் கார்டுகளில் இருப்பதால், முதல் இரண்டை மட்டும் எழுதினால் சம்பந்தமில்லாத கார்டையும் டிரைவர் பிடித்துக்கொள்ளும். அதே பட்டியலில் ஐ/ஓ பகுதியின் அளவும் இருக்கும். ஒரு போர்ட்டுக்கு 8 பைட், ஆகவே 64 பைட் என்றால் 8 போர்ட்.

அடுத்தது கடிகாரம். கார்டில் வெள்ளி நிற கிரிஸ்டலின் தலையில் பொறித்த எண்ணைப் படித்து 16ஆல் வகுங்கள். 1.8432 மெகாஹெர்ட்ஸ் என்றால் 115200, 14.7456 என்றால் 921600. அதுதான் பேஸ் பாட், அதாவது கார்டின் அடிப்படை வேகம்.

லினக்ஸின் மையமான கெர்னலின் மூலநிரலில் 8250 அடைவில் உள்ள பிசிஐ கோப்பைத் திறந்து, அடையாள அட்டவணையில் ஒரு வரி சேருங்கள்: நான்கு எண்கள், இரண்டு பூஜ்யம், கடைசியில் போர்டு வகை. வகையின் பெயரே விளக்கம் சொல்லிவிடும். 'பி2, 8, 921600' என்றால் 2ஆம் பார் (கார்டின் முகவரிப் பகுதி), 8 போர்ட், பேஸ் பாட் 921600. போர்ட்டுக்கு ஒரு பார் இருந்தால் 'பிடி' சேர்ந்த வகை. எக்ஸார் எக்ஸ்ஆர்17வி35எக்ஸ் சிப்புக்குத் தனி டிரைவர் இருக்கிறது, அதை இங்கே சேர்க்காதீர்கள். டிரைவரைத் தனியே ஏற்றும் மாடியூலாகக் கட்டினால், கணினியில் செக்யூர் பூட் பாதுகாப்பு இயங்கும்போது அது கையொப்பம் கேட்கும். இல்லாவிட்டால் ஏற்ற மறுக்கும்.

மறுதொடக்கத்துக்குப் பின் சில போர்ட் மட்டும் வந்து, கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் (dmesg) 'எரர் -28' தெரிந்தால் டிரைவரில் குற்றமில்லை, இடம்தான் போதவில்லை. கெர்னலின் இயல்புநிலை 4 போர்ட்தான். கெர்னலின் பூட் வரியில் 8250 டிரைவரின் போர்ட் எண்ணிக்கையான என்ஆர்-யூஆர்ட்ஸ் அளவை 16 ஆக்குங்கள் (8250.nr_uarts=16). கெர்னலைக் கட்டும்போது வைத்த உச்ச வரம்பை அது தாண்டாது, ஆகவே அதையும் பாருங்கள்.

பலர் ஏமாறுவது சோதனையில். சிம் லிம் டவரில் வாங்கிய டிபி9 இணைப்பியில் 2, 3 முனைகளை ஒட்டவைத்து, அனுப்பியது திரும்பி வந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பேஸ் பாட் தவறாக இருந்தாலும் இந்தச் சோதனை தேறும், ஏனென்றால் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கடிகாரம். 921600 கார்டுக்கு 115200 என்று எழுதியிருந்தால், 9600 வேகம் கேட்கும்போது டிரைவர் 115200ஐ 9600ஆல் வகுத்து வகுஎண்ணை 12 ஆக்கும். கார்டு உண்மையில் 921600ஐ 12ஆல் வகுப்பதால் வயரில் ஓடுவது 76800. தராசு அனுப்புவது குப்பை எழுத்தாகவே வந்து சேரும், பழி கேபிள்மேல் விழும். ஆகவே 2ஐயும் 3ஐயும் குறுக்காக மாற்றி, 5ஐ நேராக இணைத்த நல் மோடம் கேபிளால் மதர்போர்டின் சொந்த போர்ட்டோடு இணையுங்கள். எட்டு போர்ட்டிலும் 9600, 115200 இரண்டிலும் இருபுறமும் எழுத்து சுத்தமாக வந்த பிறகு தராசை மாட்டுங்கள்.