மணிக்கட்டு காட்டும் எண்ணை வீட்டிலேயே சரிபார்க்கும் முறை

புதிதாக ஃபிட்னஸ் பேண்ட் வாங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே அதில் தெரியும் எண்களைக் கொண்டு தங்கள் உடல்நலத்தை எடைபோடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தப் பட்டையையே எடைபோட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடிப்படையில் அது நேரடியாக உணர்வது இரண்டைத்தான்: கை எப்படி அசைகிறது, தோலுக்கடியில் ரத்தம் எப்படிப் பெருகி வடிகிறது. திரையில் தெரியும் கலோரி, உறக்க நிலை, மன அழுத்தம் போன்றவை பெரும்பாலும் இவ்விரண்டையும், நாம் பதிவு செய்யும் வயது, எடை, உயரத்தையும் சேர்த்துப் போடும் கணக்குகளே. ஓர் எண் நேரடி அளவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவுக்கு அதன் மீதான நம்பிக்கையையும் குறைத்துக்கொள்வது நல்லது.

முதலில் காலடி எண்ணிக்கையைச் சோதியுங்கள். ஐந்து புளியங்கொட்டைகளை வலது பையில் போட்டுக்கொண்டு, பட்டையில் அப்போது தெரியும் எண்ணைக் குறித்துவிட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கத் தொடங்குங்கள். நூறு அடி எண்ணி முடித்ததும் ஒரு கொட்டையை இடது பைக்கு மாற்றுங்கள். ஐந்தும் மாறியதும் நின்று, திரை புதுப்பிக்கப்பட ஒரு நிமிடம் காத்திருந்து, எத்தனை கூடியிருக்கிறது என்று பாருங்கள். 480க்கும் 520க்கும் இடையில் இருந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது போதுமான துல்லியம். அடுத்து, பட்டை கட்டிய கையில் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு அதே 500 அடியை மீண்டும் நடந்து பாருங்கள். நான் இப்படிச் செய்தபோது, வெறுங்கையோடு போகையில் ஏறத்தாழ சரியாக இருந்த எண், பையோடு திரும்புகையில் நூற்றுக்கும் மேல் குறைந்துவிட்டது. கால்கள் நடந்தாலும் கை வீசப்படாததால், பட்டை அதை நடையாகக் கொள்ளவில்லை. குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களுக்கும், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு டிரெட்மில்லில் நடப்பவர்களுக்கும் இதே இழப்பு நேரும். இதற்கு நேர்மாறாக, உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிடம் சப்பாத்தி மாவு பிசைந்தாலும், பள்ளமும் மேடுமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினாலும், நடக்காத அடிகள் சேரக்கூடும். உங்கள் அன்றாட வேலைகளில் எவை எண்ணைக் கூட்டுகின்றன, எவை குறைக்கின்றன என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால், பிறகு அந்த எண்ணைப் படிப்பது எளிது.

பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் பத்தாயிரம் அடி என்ற இலக்கைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர் ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி அளவி. அந்த இலக்கு பரவியது மருத்துவ ஆய்விலிருந்து அல்ல, இந்தப் பெயரிலிருந்துதான். 2019-இல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுடைய ஏறத்தாழ 17 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. எனவே, முதல் வாரம் எந்த இலக்கும் வைக்காமல் வழக்கம்போல் இருந்து, அந்த வாரச் சராசரியைக் கண்டறிந்து, அதற்கு மேல் ஆயிரம் அடி கூட்டி உங்கள் முதல் இலக்கை அமைத்துக்கொள்ளுங்கள்.

இதயத்துடிப்புச் சோதனைக்கு வினாடி முள் உள்ள கடிகாரம் போதும். பட்டையின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பட்டை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் வெளி ஒளி உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும் என்பதால், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, தோலோடு ஒட்டியபடி, ஆனால் இறுக்காமல் கட்டுங்கள். பச்சை குத்திய இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின், மற்றொரு கையில் கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே இரு விரல்களை வைத்து, 30 வினாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பட்டையோடு மூன்று நான்கு துடிப்பு வேறுபட்டால் கவலை இல்லை. பிறகு மாடிப்படி ஏறி இறங்கி, நின்ற உடனே 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். பல பட்டைகள் பின்தங்குவது இந்த இரண்டாவது சோதனையில்தான். ஓடும்போது துடிப்பு 160, 170 என்று ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அந்த நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், பட்டை காலடித் தாளத்தை இதயத்துடிப்பாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். தீவிரமாக ஓடிப் பயிற்சி செய்பவர்கள், இதயத்தின் மின்துடிப்பையே உணரும் மார்புப் பட்டையை வாங்குவது மேல். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு, 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத்துடிப்பைக் கணக்கிட்டு வகுக்கும் பயிற்சி வரம்புகள் பொருந்தா. அவற்றை மருத்துவரிடம் கேட்டே வகுத்துக்கொள்ள வேண்டும்.

கலோரி எண்ணை அறவே ஒதுக்கிவிடுங்கள் என்பேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத்துடிப்பை ஐந்து விழுக்காட்டுக்குள் சரியாகக் காட்டின. கலோரியிலோ, ஆகச் சிறந்த கருவியே 27 விழுக்காடு பிசகியது. ஆக மோசமானது 93 விழுக்காடு. 300 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது என்று மாலையில் கூடுதலாக இரண்டு வடை சாப்பிடுபவர், இல்லாத பணத்தைச் செலவு செய்பவரைப் போன்றவர். எடை குறைப்பவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 471 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் வழக்கமான ஆலோசனையைப் பின்பற்றியவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள்.

உறக்கத்தைப் பொறுத்தவரை, படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் ஆகியவற்றை உறுதியாகப் பிரித்தறிய மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். மணிக்கட்டில் அது முடியாது. அசையாமல் படுத்துப் புத்தகம் படித்த அரை மணி நேரத்தையும் இது உறக்கத்தில் சேர்த்துவிடலாம்.

மருத்துவம் சார்ந்த எண்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் மருத்துவமனை ஆக்சிமீட்டர்களே, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அடிக்கடி ஆக்சிஜன் குறைவைத் தவறவிட்டதாக 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே மாநிறமும் கறுப்புமான தோலுடைய நாம், மணிக்கட்டுக் கருவி ஆக்சிஜன் 97 விழுக்காடு என்று காட்டுகிறது என்பதற்காக மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யக் கூடாது. ஊசி குத்தாமலே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் அத்தகைய எண்ணை நம்பி அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. சில கடிகாரங்களில் உள்ள ஈசிஜி, இதயத்தின் ஒழுங்கற்ற தாளத்தைக் கண்டறிய உதவும். மாரடைப்பை அது கண்டறியாது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நான் பட்டையைக் கழற்றி வைக்கவில்லை. காரணம், ஓய்வுநிலை இதயத்துடிப்பு. ஒரே கருவி, ஒரே கை, ஒரே நேரம் என்ற ஒழுங்கோடு பார்த்தால், கருவியின் பிழையும் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே இருப்பதால், மாற்றம் தெளிவாகத் தெரியும். காலை எழுந்ததும் அந்த எண்ணை ஒரு நாட்காட்டியில் குறித்து வாருங்கள். வழக்கமாக 64, 65 என்று இருப்பது நான்கு நாட்களாக 74-இல் நின்றால், காய்ச்சல், உறக்கக் குறைவு, அளவுக்கு மீறிய பயிற்சி ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, காரணம் புலப்படாவிட்டால் குறிப்போடு மருத்துவரிடம் செல்லுங்கள். செயலி புதுப்பிக்கப்படும்போது கணக்கிடும் முறையும் மாறக்கூடும். எனவே ஒவ்வொரு பெரிய புதுப்பித்தலுக்குப் பிறகும் அந்த ஐந்து புளியங்கொட்டைகளோடு ஒருமுறை நடந்துவிட்டு, கிடைத்த எண்ணைத் தேதியோடு அதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.